பால் நிறுத்தின நாள்: குறைமாதப் பிள்ளையின் அப்பாவுக்கு ஒரு பதில்

கொட்டாஞ்சேனையில் இருந்து ஓர் இளம் அப்பா கேட்டிருக்கிறார். மனைவிக்குப் பிரஷர் கட்டுக்கடங்காமல் ஏறியதால் 28ஆம் கிழமையிலேயே சீசர் செய்து பிள்ளையை எடுத்திருக்கிறார்கள். பெண் பிள்ளை, 1050 கிராம். மூன்று நாள் வென்டிலேட்டர், பிறகு சீபப் (மூக்கு வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கிற மெஷின்), பிறகு மூக்கில் ஒரு மெல்லிய குழாய் மட்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 12 மில்லி பால் டியூபில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. 22ஆம் நாள் வயிறு ஊதி, டியூபில் பச்சையாக வர, பாலை நிறுத்திவிட்டார்கள். இப்போது அன்டிபயோட்டிக் ஏறுகிறது, திரும்பவும் சீபப். இன்று 24ஆம் நாள். "தொடங்கின இடத்துக்கே வந்துவிட்டோமா? மனைவி வீட்டில், யாரோடும் கதைக்கிறாள் இல்லை. பிள்ளை பிறந்த 31 நாள் துடக்கு முடியும்வரை அவளை வெளியே விடாதே என்கிறார் அம்மா. வார்ட்டில் சிங்களத்தில் சொல்வது எனக்குப் பாதிதான் விளங்குகிறது. நான் என்ன செய்வது?" இதுதான் கேள்வி.

தம்பி, கொழும்பில் குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்கிற வார்ட்டுகளில் 26 வருஷம் தாதியாக இருந்தவள் நான். உங்கள் பிள்ளையை நான் பார்க்கவில்லை. அவளைப் பார்க்கிற டொக்டர் சொல்வதுதான் முடிவு. ஆனால் நீங்கள் சொல்கிற அந்த 22ஆம் நாளை எத்தனையோ அப்பா அம்மாவின் முகத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: தொடங்கின இடத்துக்கு நீங்கள் வரவில்லை. பிறந்த அன்று அவள் 28 கிழமைப் பிள்ளை. இன்று 31 கிழமையைத் தாண்டிவிட்டாள். அந்த மூன்றரைக் கிழமையில் அவளுடைய நுரையீரலும் தோலும் மூளையும் வளர்ந்த வளர்ச்சியை ஊதின வயிறு திருப்பி எடுத்துக்கொள்ளாது.

சீபப் திரும்பி வந்ததைப் பார்த்து நுரையீரல் கெட்டுப்போனது என்று நினைத்திருப்பீர்கள். வயிறு ஊதினால் அது மேலே இருக்கிற நெஞ்சறையைத் தள்ளும். அவ்வளவு சின்ன நெஞ்சில் மூச்சு இழுக்கவே பிள்ளைக்குக் களைத்துப்போகும். அந்தக் களைப்பைக் குறைக்கக் காற்றுக் கொடுத்து உதவுகிறார்கள். வயிறு வடிந்தால் பல பிள்ளைகள் முதல் தடவையை விடக் கெதியாக அதிலிருந்து வெளியே வந்துவிடுவார்கள்.

சரி, வயிற்றில் என்ன நடக்கிறது? டொக்டர்கள் பயப்படுவது குடலில் வருகிற ஒரு வருத்தத்துக்கு. குறைமாதப் பிள்ளையின் குடல் சுவர் மெல்லியது. அங்கே ரத்த ஓட்டமும் நோய் எதிர்ப்பும் இன்னும் முழுசாக வரவில்லை. சில பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் வீங்கிப் புண்ணாகும். மிகவும் முந்திப் பிறந்த பிள்ளைகளுக்கு இது முதல் நாட்களில் வருவது குறைவு. எல்லாம் நல்லாப் போகுது என்று வீட்டுக்காரர் மூச்சு விடுகிற இரண்டாம், மூன்றாம், நான்காம் கிழமைகளில்தான் வரும். அதனால்தான் இது இடி விழுந்த மாதிரி இருக்கிறது.

ஆனால் பால் நிறுத்தப்படுகிற எல்லாப் பிள்ளைக்கும் அந்த வருத்தம் இல்லை. குடல் இன்னும் பழகாததால் பால் தேங்கலாம். ரத்தத்தில் கிருமி பிடித்ததாலும் வயிறு ஊதும். எது என்று முதல் நாளே பிரித்துச் சொல்ல முடியாது, அதனால் மோசமானதை நினைத்தே வைத்தியம் தொடங்குவார்கள். குடலுக்கு ஓய்வு, டியூபைத் திறந்து விட்டுக் காற்றையும் நீரையும் வெளியே எடுப்பது, நரம்பில் அன்டிபயோட்டிக், சத்தும் நரம்பு வழியாக, சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே. சந்தேகம் தீர்ந்தால் இரண்டு மூன்று நாளில் பால் திரும்பத் தொடங்கும். எக்ஸ்ரேயில் குடல் சுவருக்குள் காற்று தெரிந்து வருத்தம் உறுதியானால் ஏழு முதல் பதினாலு நாள் வரை பொறுக்க வேண்டியிருக்கும். குடல் ஓட்டையானால் சத்திரசிகிச்சை. பெண்களுக்கான ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை என்றால் அதற்காகப் பொரளை லேடி ரிட்ஜ்வேக்கு மாற்றச் சொல்வார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்தால் கைவிட்டுவிட்டார்கள் என்று எடுக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கான சத்திரசிகிச்சை நிபுணர்கள் அங்கே இருப்பதுதான் காரணம். இந்த வருத்தம் பாரதூரமானதுதான், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் இன்றைக்கு உங்களுக்கு உறுதியாகத் தெரிவது பால் நிறுத்தியிருக்கிறார்கள் என்பது மட்டும். அதற்கு மேலே இரவில் போனில் தேடிப் படித்துப் பயத்தைக் கூட்ட வேண்டாம்.

நான் வார்ட்டில் இருந்த காலம் முழுக்கப் பெற்றோருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். இந்தப் பிள்ளைகளை நாள் கணக்கில் எடை போடாதீர்கள், கிழமைக் கணக்கில் பாருங்கள். இன்று 20 கிராம் கூடும், நாளைக்கு 30 கிராம் குறையும். இன்று ஒக்சிஜன் குறைப்பார்கள், நாளைக்குக் கூட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் மனம் ஏறி இறங்கினால் இரண்டு மாதம் உங்களால் தாங்க முடியாது. போன செவ்வாய்க்கிழமை எப்படி இருந்தாள், இந்தச் செவ்வாய் எப்படி இருக்கிறாள் என்று கேளுங்கள். இன்னொன்று: வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர் எல்லாருக்கும் தினமும் நிறை எழுதிப் போடுகிறீர்கள் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். லண்டனில் இருக்கிற சித்தி "ஏன் குறைஞ்சது?" என்று கேட்கும் கேள்விக்கு இரவு பத்து மணிக்குப் பதில் சொல்கிற பாரம் உங்களுக்கு வேண்டாம். கிழமைக்கு ஒரு செய்தி போதும், அதையும் உங்கள் அக்காவோ மச்சானோ அனுப்பட்டும்.

மொனிட்டரையும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அந்தச் சத்தம் கேட்டால் உயிர் போகிற மாதிரித்தான் இருக்கும், எனக்குத் தெரியும். இந்த வயதுப் பிள்ளைகள் இடைக்கிடை மூச்செடுக்க மறந்துபோவார்கள். மூளையில் மூச்சைக் கட்டுப்படுத்துகிற இடம் இன்னும் முற்றவில்லை. மூச்சு 20 செக்கன் நின்றாலோ, கொஞ்ச நேரம் நின்று இதயத் துடிப்பும் சேர்ந்து இறங்கினாலோ தாதி வந்து காலை மெல்லத் தட்டுவார், திரும்ப எடுத்துவிடும். இதற்காகத்தான் கோப்பியில் இருக்கிற அதே கஃபீனை மருந்தாகக் கொடுக்கிறார்கள். ரத்தத்தில் ஒக்சிஜன் அளவைக் காட்டுகிற எண்ணைப் பார்த்துப் பல அப்பாமார் "ஏன் மிஸ் 100 இல்லை, 92தானே காட்டுது" என்று என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறார்கள். ஒக்சிஜன் கொடுக்கிற பிள்ளைக்கு நாங்கள் வேண்டுமென்றே 90க்கும் 95க்கும் இடையில் வைத்திருப்போம். 1940களிலும் 50களிலும் மேல்நாடுகளில் நல்லது என்று நினைத்து அளவில்லாமல் ஒக்சிஜன் கொடுத்து ஆயிரக்கணக்கான குறைமாதப் பிள்ளைகளின் கண் போனது. பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950இல் ஆறு கிழமை முந்திப் பிறந்து பார்வை இழந்தவர்களில் ஒருவர்.

கண் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைக்கு நாலு கிழமை ஆகிற நேரம் கண் டொக்டர் வந்து விழித்திரையைப் பார்ப்பார். அடுத்த சில நாட்களுக்குள் வரும். அது புது வருத்தம் கண்டுபிடித்ததால் அல்ல, இவ்வளவு முந்திப் பிறந்த எல்லாருக்கும் செய்வது. ஒரு தடவையோடு முடியாது, விழித்திரையில் ரத்தக் குழாய்கள் வளர்ந்து முடியும்வரை திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் திகதி தந்தால் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. நேரத்தோடு பிடித்தால் லேசராலோ ஊசியாலோ காப்பாற்றலாம், பிந்தினால் கஷ்டம். அதே மாதிரி ரத்தம் ஏற்ற வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டாலும் பதறாதீர்கள். ஒரு கிலோப் பிள்ளையின் உடம்பில் இருக்கிற முழு ரத்தமும் ஏறக்குறைய 90 மில்லிதான், நீங்கள் குடிக்கிற பிளேன்டீயில் பாதிக் கோப்பை. சோதனைக்கு அரை மில்லி அரை மில்லியாக எடுத்தாலே குறைந்துபோகும். அவளாகப் புது ரத்தம் ஊறவைக்க இன்னும் கொஞ்சக் காலம் எடுக்கும்.

இனிப் பாலுக்கு வருகிறேன். "குடிக்காத பிள்ளைக்கு எதற்குக் கறக்க" என்று உங்கள் மனைவி, அந்தத் தங்கச்சி, நினைக்கத் தொடங்கியிருப்பார். கிட்டத்தட்ட எல்லாத் தாய்மாரும் அந்த இடத்துக்கு வருவார்கள். வார்ட்டில் என்னைக் கண் கலங்க வைத்தது எது என்று கேட்டால், திரும்பப் பால் தொடங்கலாம் என்று டொக்டர் சொல்கிற நாளில் தாயிடம் பால் வற்றிப்போயிருப்பதுதான். இந்தக் குடலுக்குத் தாய்ப்பாலை விடப் பாதுகாப்பான சாப்பாடு வேறு இல்லை. மாப்பால் குடித்த குறைமாதப் பிள்ளைகளுக்குத்தான் இந்தக் குடல் வருத்தம் கூட வருகிறது. எனவே இப்போது கறக்கிற ஒவ்வொரு சொட்டும் ஒரு கிழமை கழித்துப் போகப்போகிற மருந்து.

24 மணித்தியாலத்தில் எட்டுத் தடவையாவது கறக்க வேண்டும், அதில் ஒரு தடவை நள்ளிரவுக்குப் பிறகு. இரவில் பால் சுரக்கிற ஹோர்மோன் கூடுதலாக இருக்கும், அந்த ஒரு தடவையை விட்டால் கிழமைக்குள் அளவு குறையும். நீங்கள் அலாரம் வைத்து எழும்புங்கள், தம்பி. அவரை எழுப்பி, தண்ணீர் கொடுத்து, பம்பையோ கோப்பையையோ கழுவிச் சுடுநீரில் போடுகிற வேலை உங்களுடையது. பிள்ளையின் படத்தையோ, வார்ட்டில் அவளுக்குக் கீழே விரித்திருந்த துணித்துண்டையோ மடியில் வைத்துக்கொண்டு கறந்தால் பால் இறங்கும். இது கதை இல்லை, மணமும் நினைவும் பாலை இறக்குகிற இன்னொரு ஹோர்மோனைத் தூண்டும். போத்தலில் பெயர், திகதி, நேரம் எழுதி, உடனே குளிரூட்டியில். கொழும்பு வெக்கையில் வெளியே வைக்கவே வேண்டாம். வார்ட்டில் எத்தனை நாள் பாலை ஏற்பார்கள், உறைய வைத்ததை ஏற்பார்களா என்று மிஸ்ஸிடம் கேளுங்கள், இடத்துக்கு இடம் முறை வேறு.

அம்மாவின் பத்தியச் சாப்பாட்டைப் பற்றியும் கேட்பீர்கள். காயம், உள்ளி போட்ட கறி, முருங்கையிலை, பால்சுறா வறை எல்லாம் நல்லா சாப்பிடட்டும். தண்ணீரைக் குறை, மரக்கறி வேண்டாம் என்கிற பத்தியத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீர் வேண்டும்.

இப்போது அந்த 31. உங்கள் அம்மா கெட்ட மனதோடு சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஓய்வு வேண்டும், வெளிக்காற்றும் வெளிக்கண்ணும் படக்கூடாது என்று அவர்களைப் பார்த்தவர்கள் சொல்லி வைத்தது. பிள்ளை பக்கத்தில் படுத்திருக்கிற வீட்டுக்கு அது பொருந்தும். பிள்ளை ஒரு இடத்தில், தாய் ஒரு இடத்தில் என்றால் அந்த ஓய்வு ஓய்வே இல்லை, தங்கச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: 31க்குக் காத்திருக்காமல் அவரை நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். துடக்குக் கழிப்பதைப் பிள்ளை வீட்டுக்கு வருகிற நாளுக்குத் தள்ளி வையுங்கள், பெயரும் அன்றைக்கே வைக்கலாம். அப்படிச் செய்த குடும்பங்கள் எனக்குத் தெரியும், ஐயரும் மறுக்கவில்லை. அம்மாவோடு சண்டை போட வேண்டாம். "டொக்டர் தாயை வரச் சொல்லிவிட்டார், நீங்கள் வீட்டில் சமைத்து வையுங்கள்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை, எந்தப் பிள்ளை டொக்டரும் அதைத்தான் சொல்வார். கோயில் நூலும் திருநீறும் கொண்டுபோனால் இன்கியுபேட்டருக்குள் வைக்க விடமாட்டார்கள், கிருமி பயம். வெளியே கட்ட இடம் இருந்தால் மிஸ்ஸிடம் கேளுங்கள், பலர் அன்போடு சம்மதிப்பார்கள்.

போனால் என்ன செய்வது? மோதிரம், வளையல், மணிக்கூடு கழற்றி முழங்கை வரை கழுவுங்கள். போனைத் தொட்டால் திரும்பக் கழுவுங்கள். பிறகு, தடவாதீர்கள். எல்லாரும் செய்கிற பிழை இதுதான், அன்பில் விரல் நுனியால் மெல்ல மெல்லத் தடவுவார்கள். இந்தத் தோலுக்கு அது கூச்சமாகவும் வேதனையாகவும் இருக்கும், பார்த்தால் கையை விரித்துத் துடிப்பாள். ஒரு உள்ளங்கையைத் தலையில் குல்லா மாதிரி வையுங்கள், மற்றதால் மடக்கிய கால்களைப் பிடியுங்கள். அசைக்காமல் அப்படியே இருங்கள். கர்ப்பப்பை அவளைப் பிடித்திருந்த மாதிரி அது. ஐந்து நிமிஷத்தில் மொனிட்டரில் துடிப்பு அடங்குவதை நீங்களே காண்பீர்கள்.

வயிறு அடங்கி டொக்டர் சரி என்றால் நெஞ்சோடு நெஞ்சு வைக்கிற கங்காரு முறை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்கியுபேட்டர் போதாமல் ஒரு டொக்டர் தொடங்கியது இது. 2021இல் இந்தியாவும் நாலு ஆபிரிக்க நாடுகளும் சேர்ந்து செய்த பெரிய ஆய்வில், பிறந்த உடனேயே இப்படி வைத்த 1 முதல் 1.8 கிலோ வரையான பிள்ளைகளிடம் இறப்பு கால்வாசி குறைந்தது. அடுத்த வருஷம் உலக சுகாதார நிறுவனம் இதை எல்லா நாட்டுக்கும் பரிந்துரைத்தது. சீபப்போடும் செய்யலாம். அப்பாவும் செய்யலாம், தம்பி, உங்கள் நெஞ்சும் அதே சூடுதான். சும்மா இருக்காமல் கதையுங்கள், தேவாரமோ அம்மம்மா பாடின தாலாட்டோ மெல்லிய குரலில். உங்கள் குரல் அவளுக்குப் புதிது இல்லை.

மொழி. இதில் எனக்கு ஆறாத ஒரு நினைவு இருக்கிறது. நான் வேலை செய்த ஒரு வார்ட்டில், ஹட்டன் பக்கம் இருந்து வந்த ஒரு தாயிடம் பிள்ளைக்கு ரத்தம் ஏற்றப் போகிறோம் என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு விளங்கியது "லே" என்கிற ஒரு சொல் மட்டும். பிள்ளைக்கு ரத்தம் போகிறது, இனி இல்லை என்று நினைத்து விடியும்வரை வாசலில் நின்றிருக்கிறார், உள்ளே வரவும் பயம், கேட்கவும் பயம். காலை டியூட்டிக்கு வந்துதான் நான் கண்டேன். அதனால் சொல்கிறேன், வெட்கப்படாமல் "தெமளென் கியன்ன" (தமிழில் சொல்லுங்கள்) என்று சொல்லிக் கேளுங்கள். தமிழ் தெரிந்த தாதியோ டொக்டரோ எந்த ஷிஃப்ட்டில் வருகிறார் என்று விசாரித்து வையுங்கள். இந்தச் சொற்கள் காதில் இருக்கட்டும்: பர என்றால் நிறை, கிரி என்றால் பால், பட என்றால் வயிறு, ஹுஸ்ம என்றால் மூச்சு. ஒரு சின்னக் கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். டொக்டர்கள் சுற்றி வரும் நேரத்தில் பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்கும் பதில் வராது, ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, நன்றாக யோசித்து.

தங்கச்சி கதைக்காமல் இருப்பது எனக்குக் கவலை தருகிறது. அழுகை, களைப்பு எல்லாம் இந்த நிலைமையில் வரும். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் சாப்பாடும் நித்திரையும் இல்லாமல், பிள்ளையைப் பார்க்கவே மனமில்லாமல், "நான் இல்லாவிட்டால் நல்லது" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அது வருத்தம், அதற்கு வைத்தியம் உண்டு. அந்தக் கடைசிப் பேச்சு வந்தால் இரண்டு கிழமை பார்க்க வேண்டாம், அன்றைக்கே டொக்டரிடம் கூட்டிப் போங்கள், தனியே விடாதீர்கள். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம். அவரிடம் "தைரியமா இரு" என்று சொல்லாதீர்கள். "எனக்கும் பயமா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள், அது வாயைத் திறக்க வைக்கும்.

அவருடைய மௌனத்துக்குள் பெரும்பாலும் ஒரு கேள்வி இருக்கும்: நான் செய்த ஏதோ ஒன்றால்தானே இப்படி ஆனது? படி ஏறினேன், பப்பாசி சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன் என்று. சொந்தக்காரரும் அதில் உப்பு வைப்பார்கள். இவருக்கு வந்தது நச்சுக்கொடி சரியாக ஊன்றாததோடு தொடர்புள்ள பிரஷர் வருத்தம். அது கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே விதையாகிவிடும், நடந்ததாலோ சாப்பிட்டதாலோ வராது. நேரத்துக்குப் பிள்ளையை எடுத்ததால் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இதை நீங்கள் எல்லார் முன்னிலையிலும், அம்மா கேட்கிற மாதிரி, ஒரு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டும். அது உங்கள் வேலை.

வீட்டுக்கு எப்போது என்று கேட்பீர்கள். பொதுவாக, பிறக்க வேண்டிய திகதியை ஒட்டி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் வந்தால் சந்தோஷம். உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுகிற மூன்றையும் சேர்த்துச் செய்ய 34 கிழமையாவது ஆகும்.

நாளைக்குப் போனதும் டொக்டரிடம் கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வி: வயிற்றின் சுற்றளவு நேற்றையதை விடக் குறைந்திருக்கிறதா, கடைசி எக்ஸ்ரே என்ன காட்டியது? பதிலைக் கொப்பியில் எழுதுங்கள். தங்கச்சியை பஸ்ஸில் கூட்டிப்போக வேண்டாம், சீசர் காயம் இன்னும் பச்சை. மழைக்குள்ளும் ஒரு த்ரீவீலர் கிடைக்கும். குளிர்ப்பெட்டியில் இரவு கறந்த பாலையும் எடுத்துப் போங்கள்.